ஃப்ளைட் சிமுலேட்டருக்கு லேப்டாப்பா, டெஸ்க்டாப்பா? இரண்டையும் வருடக்கணக்கில் ஓட்டிய அனுபவம்

கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டும் ஃப்ளைட் சிமுலேட்டருக்கு லேப்டாப் வாங்கலாமா, டெஸ்க்டாப் வாங்கலாமா என்று யாராவது கேட்டால், ப்ராசஸர், கிராபிக்ஸ் கார்டு பேச்சுக்கெல்லாம் போவதற்கு முன் நான் கேட்பது ஒன்றுதான்: யோக், அதாவது விமானத்தில் பைலட் பிடிக்கும் சக்கரம் போன்ற கைப்பிடி, வாங்கும் எண்ணம் இருக்கிறதா? இருக்கிறது என்றால் டெஸ்க்டாப்தான் என்று அங்கேயே சொல்லிவிடுவேன். யோக்கை மேசை விளிம்பில் கிளாம்ப் போட்டு முறுக்கி, விமானத்தின் மூக்கை இடம் வலம் திருப்பும் ரட்டர் பெடலைக் காலடியில் வைத்து, இன்ஜின் விசையைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலை வலது கைப்பக்கம் பொருத்திவிட்டால், அந்த மேசையை விட்டு நீங்கள் நகரப் போவதில்லை. தூக்கிக்கொண்டு போகலாம் என்ற வசதிக்காக லேப்டாப்புக்குக் கொடுத்த கூடுதல் காசு அன்றோடு வீண்.

இதை நான் கடைக்காரர் பேச்சை வைத்துச் சொல்லவில்லை. பள்ளத்தூரில் எங்கள் பழைய வீட்டில், வளவை (உள்முற்றத்தை) ஒட்டிய ஓர் அறையில் இரண்டையும் ஓட்டியிருக்கிறேன். 2021-இல் லேப்டாப் வாங்கினேன்: ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு, 16 ஜிபி ராம், 512 ஜிபி எஸ்எஸ்டி. மூன்று வருடத்துக்கு மேல் மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரும் எக்ஸ்-பிளேன் என்ற இன்னொரு சிமுலேட்டரும் அதில்தான். அதன்பின் டெஸ்க்டாப்புக்கு மாறினேன். லேப்டாப் இப்போதும் நன்றாக ஓடுகிறது, அலுவலக வேலை அதில்தான் நடக்கிறது.

முதலில் லேப்டாப்பின் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். சின்ன விமானம், நம்ம ஊர் வானம் என்றால் அதுவே தாராளம். நான் அதிகம் ஓட்டிய பாதை திருச்சி, காரைக்குடி, மதுரை. செஸ்னா 172-இல் திருச்சியிலிருந்து கிளம்பி நேர் தெற்கே திரும்பினால் காரைக்குடி சுமார் 42 நாட்டிக்கல் மைல், அங்கிருந்து மேற்கே திரும்பினால் மதுரையும் கிட்டத்தட்ட அவ்வளவே. இரண்டாயிரம் அடியில் போனால் கண்மாய் கண்மாயாகக் கடந்து வரும். கானாடுகாத்தான் பக்கம் கால்நடைப் பண்ணையில் கிடக்கும் இரண்டாம் உலகப் போர்க் கால ஓடுபாதையைத் தேடிப்பிடித்து, அதன்மேல் தாழப் பறந்துவிட்டுப் போவேன். வீடுகளைச் செயற்கைக்கோள் படத்தை வைத்து மென்பொருளே ஊகித்து எழுப்புவதால் நம்ம நாலு கட்டு வீடெல்லாம் ஏதோ ஒரு சாதாரண கட்டடமாகத்தான் நிற்கும். அது மனதுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் தெருக்களின் நேர்கோடு அப்படியே இருக்கும். இந்தப் பயணத்தில் லேப்டாப் நாற்பது எஃப்பிஎஸ்ஸுக்கு (நொடிக்கு எத்தனை படம் என்ற கணக்கு) கீழே இறங்கியதே இல்லை. சிமுலேட்டருக்கு நிலையான முப்பது கிடைத்தாலே போதும். துப்பாக்கி விளையாட்டுக்குக் கேட்கிற வேகம் இங்கே தேவையில்லை.

சிக்கல் பெரிய விமானத்தில் ஆரம்பிக்கிறது. ஃப்ளைபைவயர் குழு இலவசமாகத் தரும் ஏர்பஸ் ஏ320-ஐ எடுத்துக்கொண்டு திருச்சி 27-ஆம் ஓடுபாதைக்குக் கிழக்கிலிருந்து இறங்குகிறேன் என்று வையுங்கள். வலப்பக்கம் தூரத்தில் ஊர், நேர் எதிரே ஓடுபாதை விளக்குகள். ‘ஃபிஃப்டி, ஃபார்ட்டி, தர்ட்டி’ என்று விமானம் உயரத்தைச் சொல்லிக்கொண்டே வரும். மூக்கை மெல்லத் தூக்க வேண்டிய அந்த இடத்தில் படம் அரை நொடி உறைந்து நிற்கும். திரும்ப ஓடும்போது ‘ரிட்டார்ட்’ (த்ராட்டிலைப் பின்னுக்கு இழு) என்று சொல்லி முடித்திருக்கும், சக்கரம் தரையில் மோதியிருக்கும். அத்தனை நேரம் கவனமாக ஓட்டி வந்தது அந்த அரை நொடியில் போகும். எனக்கு அது பொறுக்க முடியாத விஷயம். இறக்குவதற்காகத்தானே இதையெல்லாம் ஓட்டுகிறோம்!

இதற்குக் காரணம் இரண்டு. ஒன்று, கிராபிக்ஸ் கார்டின் நினைவகம். லேப்டாப் 3060-இல் இருப்பது 6 ஜிபி. அதே பெயரில் விற்ற டெஸ்க்டாப் 3060-இல் 12 ஜிபி. ஏர்பஸ் காக்பிட், விமான நிலையம், சுற்றியுள்ள ஊர் எல்லாம் சேர்ந்து 6 ஜிபியை நிரப்பிவிட்டால், மிச்சத்தை ராமிலிருந்து இழுத்துவர வேண்டும். அப்போதுதான் படம் உறையும். பெட்டியில் போட்டிருக்கும் எண்ணை மட்டும் நம்பக்கூடாது என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான். ஆர்டிஎக்ஸ் 4070-உம் அப்படியே: டெஸ்க்டாப்பில் 12 ஜிபி, லேப்டாப்பில் 8 ஜிபி, உள்ளே இருக்கும் சிப்பே வேறு. மின்சாரத்திலும் வித்தியாசம் உண்டு. டெஸ்க்டாப் 3060 எடுப்பது 170 வாட். லேப்டாப்பில் தயாரிப்பாளர் எவ்வளவு விடுகிறாரோ அவ்வளவுதான். ஒரே 3060 ஒரு மாடலில் 60 வாட்டிலும் இன்னொன்றில் 115 வாட்டிலும் ஓடும்.

இரண்டாவது காரணம் சூடு. சித்திரை, வைகாசியில் நம்ம பக்கத்து வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சுண்ணாம்புச் சுவரும் உயரமான கூரையும் இருப்பதால் எங்கள் அறை பகலில் ஓரளவு குளிர்ச்சிதான். அப்படியிருந்தும் அரை மணி நேரத்தில் ப்ராசஸர் 95 டிகிரியைத் தொட்டுவிடும். சூடு ஏறினால் அது தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். விமானம் கிளம்பும்போது வழுவழுவென்று ஓடியது, இறங்கும்போது திணறும். கூலிங் பேட் வைத்தேன், தெர்மல் பேஸ்ட் மாற்றினேன், பின்பக்கத்தை இரண்டு அங்குலம் தூக்கி வைத்தேன். மூன்றில் உருப்படியாகப் பலன் தந்தது பேஸ்ட் மாற்றியதும் தூக்கி வைத்ததும்தான். விசிறிச் சத்தம் வேறு. வளவில் எந்தச் சத்தமும் எதிரொலிக்கும், இரண்டாம் கட்டில் உட்கார்ந்திருந்த அப்பத்தா, “என்னப்பா, உள்ள மாவு மில்லு ஓடுதா?” என்று கேட்டுவிட்டார்கள்.

டெஸ்க்டாப்புக்கு வருவோம். பாகங்களில் பாதி சென்னை ரிச்சி தெருவில் வாங்கி பல்லவன் ரயிலில் கொண்டுவந்தேன், மீதி கூரியர். காரைக்குடியில் தெரிந்த கடையில் சேர்த்துக் கொடுத்தார்கள். முதலில் போட்டது ரைசன் 5 7600 ப்ராசஸர், ஆர்டிஎக்ஸ் 4070, 32 ஜிபி ராம், எல்லாவற்றுக்கும் மின்சாரம் தர 750 வாட் எஸ்எம்பிஎஸ். படம் உறைவது அன்றே நின்றுவிட்டது. ஆனாலும் சிங்கப்பூர் சாங்கி மாதிரி பெரிய விமான நிலையத்தில் இறங்கும்போது எஃப்பிஎஸ் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. கார்டு பாதி சும்மா இருக்கும், ப்ராசஸர்தான் மூச்சு வாங்கும். சிமுலேட்டரின் பெரும்பாலான கணக்கு ஒரே ஒரு கோரின் தலையில் விழுவதால் வருவது இது. எட்டுக் கோர், பதினாறு கோர் என்று எண்ணிக்கையைப் பார்த்து வாங்குவதைவிட, ப்ராசஸருக்குள் இருக்கும் கேஷ் நினைவகத்தைப் பாருங்கள். 7600-இல் எல்3 கேஷ் 32 எம்பி, 7800எக்ஸ்3டி-யில் 96 எம்பி. அடுத்த வருடம் கையில் காசு வந்ததும் பழைய சிப்பைக் கழற்றி 7800எக்ஸ்3டி போட்டேன். மதர்போர்டு அதே, ராம் அதே, பயாஸ் அப்டேட் மட்டும் செய்தோம். சாங்கி இறக்கம் அதன்பின் கோடு போட்ட மாதிரி நிலையாகிவிட்டது. லேப்டாப்பில் ராமையும் எஸ்எஸ்டியையும் கூட்டலாம். நானும் கூட்டினேன்; ஃப்ளைட் சிமுலேட்டர் 2020 மட்டுமே 150 ஜிபி இடம் கேட்கும்போது வேறு வழியில்லை. ஆனால் ப்ராசஸரும் கார்டும் போர்டோடு ஒட்டிப் பிறந்தவை, மாற்ற முடியாது.

டெஸ்க்டாப் வந்தபின் வீட்டிலும் சில வேலைகள் செய்ய வேண்டியிருந்தது. நம்ம பக்கத்துப் பழைய வீடுகளில் இருப்பவர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும்.

முதலாவது எர்த். எங்கள் வீட்டு வயரிங் பழசு, ப்ளக் பாயிண்டில் மூன்றாவது ஓட்டை பெயருக்குத்தான் இருந்தது. கேபினெட்டில் கை பட்டால் சுருக்கென்றது. எஸ்எம்பிஎஸ்ஸில் இருக்கும் ஃபில்டர் வழியாகக் கசியும் மின்சாரம் போக வழியில்லாமல் இரும்புப் பெட்டியில் நிற்பதுதான் அது. எலக்ட்ரீஷியன் கொல்லைப்புறத்தில் குழி வெட்டி, கரியும் உப்பும் போட்டு எர்த் இறக்கி, அந்த அறைக்குத் தனி லைன் இழுத்தார். கம்ப்யூட்டர் வாங்காவிட்டாலும் செய்ய வேண்டிய வேலைதான் அது.

அடுத்து இன்வெர்ட்டர். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அறிவித்துவிட்டு வரும், கோடை இடிமழை சொல்லாமல் கரண்டை எடுக்கும். லேப்டாப்புக்கு பேட்டரி இருக்கிறதே என்பார்கள். பேட்டரியில் கிராபிக்ஸ் கார்டு வேகத்தைப் பாதிக்கு மேல் குறைத்துக்கொள்ளும். விமானம் விழாமல் இருக்கும், ஓட்ட முடியாது. டெஸ்க்டாப்புக்கு அந்தச் சமாதானமும் இல்லை. வீட்டில் இருந்த பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் போட்டால், ஆக்டிவ் பிஎஃப்சி (மின்சாரத்தைச் சீராக இழுக்கும் சுற்று) உள்ள நல்ல எஸ்எம்பிஎஸ்கள் சில சமயம் ஏற்றுக்கொள்ளாமல் நின்றுவிடும். வீட்டுக் கரண்ட் மாதிரியே சீரான அலை தரும் ப்யூர் சைன் வேவ் இன்வெர்ட்டர் வேண்டும். கடைகளில் கம்ப்யூட்டரோடு சேர்த்துத் தரும் 600 விஏ யுபிஎஸ் தாங்குவது 360 வாட் அளவுதான். பறக்கும்போது மானிட்டரோடு சேர்த்து 400 வாட் இழுக்கும் மெஷினுக்கு அது பத்தாது. 1100 விஏ-க்குக் குறையாமல் பாருங்கள். மின்கணக்கும் சொல்லிவிடுகிறேன்: டெஸ்க்டாப்பில் இரண்டரை மணி நேரம் பறந்தால் ஒரு யூனிட். லேப்டாப்பில் அதே ஒரு யூனிட்டுக்கு ஐந்து மணி நேரம் பறக்கலாம்.

அப்புறம் இன்டர்நெட். மோடம் முகப்பில் இருக்கிறது. இரண்டடிச் சுவரைத் தாண்டி வைஃபை உள்ளே வருவதில்லை. லேப்டாப்பை எடுத்துக்கொண்டு முகப்புக்கே போய்விடலாம், அது உண்மையான வசதி. டெஸ்க்டாப்புக்குக் கேபிள் இழுத்தாக வேண்டும். ஃப்ளைட் சிமுலேட்டரின் 2024 பதிப்பு நிலப்பரப்பைப் பறக்கப் பறக்க இறக்குவதால் 50 எம்பிபிஎஸ் பரிந்துரைக்கிறார்கள். தேக்குத் தூணிலோ முட்டைப் பூச்சுச் சுவரிலோ ஆணி அடிக்கக் கூடாது என்று அப்பச்சி கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால், கேபிள் மாடி வழியாகச் சுற்றி வந்தது. வீட்டில் விசேஷம் என்றால் பங்காளிகள் எல்லோரும் வந்து இறங்குவார்கள், அறையைக் காலி செய்துகொடுக்க வேண்டும். யோக், பெடல், மானிட்டர் எல்லாவற்றையும் கழற்றிக் கட்டி வைப்பதற்கு ஒரு மாலை முழுவதும் போய்விடும். செம்மண் தூசிக்குக் கேபினெட் முன்பக்க வலையை மாதம் ஒருமுறை கழற்றித் தட்டினால் போதும்.

இவ்வளவு சொன்னாலும், லேப்டாப்தான் சரி என்று நானே ஒருவருக்குச் சொல்லி வாங்கிக் கொடுத்திருக்கிறேன். அக்கா மகன் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் இருந்து படிக்கிறான், முடித்ததும் பைலட் ஆக வேண்டும் என்று ஆசை. “அம்மான், ரூம்ல டேபிளே பாதிதான் என்னுது” என்றான். அவனுக்கு டெஸ்க்டாப் எப்படி ஒத்துவரும்? 8 ஜிபி 4060 உள்ள லேப்டாப், கார்டுக்கு 140 வாட் வரை விடும் மாடலாகத் தேடி எடுத்தோம். கூடவே ஒரு த்ரஸ்ட்மாஸ்டர் டி.16000எம் ஜாய்ஸ்டிக், குச்சியைத் திருகினாலே ரட்டர் வேலை செய்யும், பெடல் வேண்டாம், பைக்குள் அடங்கிவிடும். கமர்ஷியல் பைலட் லைசென்ஸுக்கு விமானத் துறையைக் கட்டுப்படுத்தும் டிஜிசிஏ கேட்கும் 200 மணி நேரத்தில் வீட்டு சிமுலேட்டரில் ஓட்டும் எதுவும் சேராது என்பதை அவனிடம் தெளிவாகச் சொல்லியிருக்கிறேன். ஆனால் ஓடுபாதைக்கு இறங்க வழிகாட்டும் ஐஎல்எஸ் சிக்னலைப் பிடிப்பது, செக்லிஸ்ட் ஒழுங்கு, திசை காட்டும் விஓஆர் ஊசியைப் படிப்பது இவையெல்லாம் கைக்குப் பழகும். அதற்கு அவன் லேப்டாப் தாராளமாகப் போதும்.

ஊரில் வீடும் ஓர் அறையும் இருக்கிறவர்கள், பட்ஜெட் இறுக்கமாக இருந்தால், யோக்கைத் தள்ளிப்போடுங்கள், யுபிஎஸ்ஸைத் தள்ளிப்போடாதீர்கள். கார்டில் 12 ஜிபி, ராம் 32 ஜிபி, இந்த இரண்டிலும் குறைக்க வேண்டாம். ப்ராசஸர் நடுத்தரமாக இருக்கட்டும், அதை அப்புறம் மாற்றிக்கொள்ளலாம். இதில் நமக்கு ஆர்வம் நிற்குமா என்றே இன்னும் தெரியாதவர்கள் எதையும் வாங்க வேண்டாம். வீட்டில் இருக்கும் சாதாரண லேப்டாப்பில் ஃப்ளைட்கியர் என்ற சிமுலேட்டரை இறக்கிக்கொள்ளுங்கள், இலவசம்தான். ஒரு மாதம் செஸ்னாவை ஏற்றி இறக்கிப் பாருங்கள், அதற்குப் பிறகு ரிச்சி தெருவுக்குப் போகலாம்.