மருத்துவமனை சாட்பாட்டிடம் சித்தி கேட்டவை

சித்திக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்ததும் லீவு போட்டு ஊருக்குப் போனேன். சிகிச்சை நடக்கும் மருத்துவமனை, நோயாளிகளுக்காக வாட்ஸ்அப்பில் ஒரு சாட்பாட் வைத்திருக்கிறது. தமிழிலேயே கேட்கலாம். வீட்டில் நோயாளி இருப்பவர்களுக்குப் பயன்படும் என்று அந்த அனுபவத்தை எழுதுகிறேன்.

டாக்டர் முன்னால் சித்தி வாயே திறக்க மாட்டார். வெளியே இத்தனை பேர் காத்திருக்கிறார்களே என்ற கூச்சம். மனதில் இருந்ததையெல்லாம் ராத்திரி சாட்பாட்டிடம்தான் கேட்டார். உள்ளாடையை இறுக்கமாகப் போட்டதால் வந்ததா? பேத்தியைத் தூக்கினால் அவளுக்கும் தொற்றுமா? இரண்டுக்கும் இல்லை என்று சொல்லி, ஏன் என்றும் பொறுமையாக விளக்கியது.

பயாப்ஸி ரிப்போர்ட்டில் 'ஹெர்2: 2+' என்று இருந்தது. அதை இரண்டாம் நிலைப் புற்றுநோய் என்று எண்ணி அழுதுகொண்டிருந்தார். அது நோயின் நிலை இல்லை, புற்றுச் செல்களின் மேல் ஹெர்2 புரதம் எவ்வளவு இருக்கிறது என்பதற்கான அளவு. 2+ என்றால் உறுதியாகச் சொல்ல முடியாது, அதனால்தான் ஹெர்2 மரபணு கூடுதலாக இருக்கிறதா என்று பார்க்கும் ஃபிஷ் பரிசோதனை. அதில் பாசிட்டிவ் என்று வந்தால், ஹெர்2-ஐக் குறிவைக்கும் டிராஸ்டுசுமாப் போன்ற மருந்து கொடுக்கலாம் என்று சாட்பாட் விளக்கியது. நானே அன்றுதான் இதைத் தெளிவாகப் புரிந்துகொண்டேன். 2019-இல் வெளியான ஒரு பிரெஞ்சு ஆய்வில் 142 மார்பகப் புற்றுநோயாளிகள் பங்கேற்றார்கள். சாட்பாட் தந்த தகவல், டாக்டர்கள் தந்ததற்குக் குறைந்ததில்லை என்று அதில் தெரியவந்தது. சித்தியைப் பார்த்தபின் எனக்கு அது ஆச்சரியமாக இல்லை.

ஆனால் கீமோ முடிந்து ஒரு வாரத்துக்குப் பிறகு ராத்திரி 101 டிகிரி காய்ச்சல். சித்தி அதையும் சாட்பாட்டிடமே கேட்டிருக்கிறார். நிறையத் தண்ணீர் குடியுங்கள், ஓய்வெடுங்கள், குறையாவிட்டால் மருத்துவரைப் பாருங்கள் என்று பதில். எனக்குப் பதறிவிட்டது. கீமோவுக்குப் பின் பெரும்பாலும் 7 முதல் 14 நாளுக்குள்தான் கிருமிகளை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் மிகவும் குறைந்திருக்கும். அப்போது 100.4 டிகிரியைத் தொட்டாலே, விடியும்வரை காத்திருக்காமல் உடனே கூப்பிட வேண்டும். ஃபைலில் இருந்த அவசர எண்ணுக்குப் போன் செய்தேன். உடனே வரச் சொன்னார்கள், ரத்தப் பரிசோதனை செய்து நரம்பு வழியாக ஆன்டிபயாடிக் ஏற்றினார்கள். சித்தி தேறிவிட்டார்.

அந்த சாட்பாட்டில் சித்தியின் நோயாளி எண் பதிவாகியிருக்கிறது. 'கடைசி கீமோ எப்போது?' என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டு, அவசர எண்ணை முதல் வரியிலேயே கொடுத்திருக்கலாம். மற்றதை எவ்வளவு நன்றாக விளக்குகிறதோ, அவ்வளவுக்கு நோயாளி அதை நம்பிவிடுகிறார் என்பதால் இந்தக் குறை எனக்குச் சின்னதாகத் தெரியவில்லை. பொறுப்பில் இருந்த நர்ஸிடம் சொன்னேன். கவனமாகக் கேட்டு எழுதிக்கொண்டார். நான் கிளம்பும்வரை பதில் மாறவில்லை.

இப்போது சித்தி கட்டிலுக்குப் பக்கத்தில் தெர்மாமீட்டர் இருக்கிறது, வீட்டில் எல்லார் போனிலும் அந்த அவசர எண் இருக்கிறது. ரிப்போர்ட்டில் ஏதாவது புரியவில்லை என்றால் சாட்பாட்டைக் கேளுங்கள், உடம்புக்கு ஏதாவது என்றால் போன் பண்ணுங்கள் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.