வராத பொருளுக்குக் கட்டிய பணம்: வங்கியா, நுகர்வோர் ஆணையமா?

கடன் அட்டையில் பணம் செலுத்தி வாங்கிய பொருள் வந்து சேராமல், விற்பனையாளரும் கைவிரித்துவிட்டால், இந்தியாவில் நுகர்வோருக்கு முக்கியமாக இரண்டு வழிகள் உள்ளன: அட்டை வழங்கிய வங்கியிடம் சார்ஜ்பேக் (கட்டிய பணத்தை விற்பனையாளரிடமிருந்து வங்கி வழியே திரும்பப் பெறுவது) கோரலாம், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்தில் புகார் அளிக்கலாம்.

செலவு: வங்கியில் பெரும்பாலும் கட்டணமில்லை. ஆணையத்திலும், பொருளுக்குக் கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணமில்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை.

காலக்கெடு: ஆணையத்தில் புகார் அளிக்க 2 ஆண்டுகள் உண்டு. சார்ஜ்பேக்கிற்கோ, விசா, மாஸ்டர்கார்டு விதிகளின்படி, பொருள் வந்திருக்க வேண்டிய நாளிலிருந்து பொதுவாக 120 நாட்கள்தான். "அடுத்த வாரம் அனுப்புகிறோம்" என்று விற்பனையாளர் சொல்லிக்கொண்டே போவது இந்த அவகாசத்தைத்தான் தின்றுவிடுகிறது என்பதால், அந்த வாக்குறுதியை நம்பிக் காத்திருக்காமல் வங்கிக்கு உடனே எழுதிவிடுவதே நல்லது.

சான்று: ஆர்டர் உறுதிச் செய்தி, அட்டைக் கணக்கு அறிக்கை, விற்பனையாளருடனான கடிதப் போக்குவரத்து ஆகியவை இரண்டுக்கும் வேண்டும். கூரியர் தளம் 'டெலிவர்டு' என்று தவறாகக் காட்டினால், அந்தப் பக்கத்தைப் படமெடுத்து, பெற்றவரின் கையொப்பத்தைக் காட்டுமாறு எழுத்தில் கேட்க வேண்டும்.

கிடைப்பது: வங்கி வழியில் கட்டிய தொகை மட்டுமே. ஆணையம் மன உளைச்சலுக்கான இழப்பீட்டையும் வழக்குச் செலவையும் சேர்த்து வழங்கலாம். ஆனால் தீர்ப்புக்கு நீண்ட காலம் ஆகக்கூடும்.

பணம் மட்டும் விரைவில் திரும்பினால் போதும் என்போருக்கு சார்ஜ்பேக்கே பொருந்தும். வங்கி மறுத்தவர்களும், 120 நாட்களைக் கடந்தவர்களும், இழப்பீடு கோருபவர்களும் ஆணையத்தை நாடலாம். விற்பனையாளர் எந்த ஊரில் இருந்தாலும், தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் அளிக்கச் சட்டம் இடமளிக்கிறது.