மலைக் கடையா, மீன் சந்தையா? திருமலையில் பேரம் எங்கே பலிக்கும்

போன ஆடி மாதம் ரொறன்ரோவிலிருந்து சித்தப்பாவின் மகள் கணவரோடு வந்திருந்தாள். அதே கிழமை கொழும்பிலிருந்து மாமாவும் வந்து சேர்ந்தார். மாமா எந்தக் கடையிலும் சொன்ன விலையில் பாதியிலிருந்து தொடங்குகிறவர். சித்தப்பா மகளின் கணவரான மச்சானோ கேட்ட காசை எடுத்து நீட்டிவிட்டு நன்றி சொல்லுகிறவர். இரண்டு நாள் இவர்களைக் கூட்டிக்கொண்டு, திருமலை என்று நாங்கள் சொல்லும் எங்கள் திருகோணமலையைச் சுற்றியதில் ஒன்று தெரிந்தது. மாமா பேரம் பேசக்கூடாத இடத்தில் பேசினார், மச்சான் பேச வேண்டிய இடத்தில் வாயே திறக்கவில்லை.

திருமலைக்கு வருகிறவர் காசை அவிழ்க்கும் இடங்களில் முக்கியமானவை இரண்டு. ஒன்று கோணேசர் கோயிலுக்கு ஏறும் வழியில் இருக்கும் கடை வரிசை. மற்றது பட்டணத்துச் சந்தை, அதிலும் மீன் பக்கம். இரண்டுக்கும் இடையே நடக்கிற தூரம்தான். ஆனால் விலை பிறக்கும் விதம் இரண்டிலும் வேறு.

முதலில் மலை. கோயிலுக்குப் போகும் வழி பிரட்றிக் கோட்டைக்குள்ளால்தான். அதன் வாசலுக்குள் நுழையும்போதே ஒரு நிமிடம் நில்லுங்கள். வாசல் கல்லில் இரண்டு கயல்களும் சிதைந்த தமிழ் எழுத்துகளும் இருக்கின்றன. குளக்கோட்டன் என்ற மன்னன் செய்த திருப்பணியைப் பின்னாளில் பறங்கி குலைப்பான் என்பதுதான் அந்த வாசகமென்று எங்கள் ஊரில் சின்னப் பிள்ளையும் சொல்லும். 1620களில் போர்த்துக்கேயர் கோயிலை இடித்து, அந்தக் கற்களைக் கொண்டே கோட்டை கட்டினார்கள். 1639இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள், 1795இல் ஆங்கிலேயர். யோர்க் கோமகன் பிரட்றிக்கின் பெயர் அதற்கு 1803இல் வந்தது. உள்ளே இன்றும் இராணுவம் இருக்கிறது, புள்ளிமான்களும் இருக்கின்றன. சம்பந்தர் ஏழாம் நூற்றாண்டில் பாடிய தலம் இது. 1956இல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் இந்த மலையடியில் சுழியோடி, கடலுக்குள் கிடந்த பழைய கோயிலின் கற்களைக் கண்டார்கள். இப்போதிருக்கும் கோயிலுக்கு 1963இல் குடமுழுக்கு நடந்தது.

இந்தக் கதையெல்லாம் கேட்டு மனம் இளகியிருக்கும் நேரத்தில்தான் கடை வரிசை வரும். சங்கு, சோகி, பாசிமணி, தொப்பி, பனையோலைப் பெட்டி, பிளாஸ்டிக் துப்பாக்கி. இதே பிளாஸ்டிக் சாமான்களை நான் கதிர்காமத்திலும் பார்த்திருக்கிறேன். இங்கே விலை உங்களைப் பார்த்த பிறகுதான் பிறக்கிறது. கறுப்புக் கண்ணாடியும் கையில் தண்ணீர்ப் போத்தலும் இருந்தால் ஒரு விலை, வேட்டியும் அர்ச்சனைத் தட்டும் இருந்தால் இன்னொன்று. இதில் கோபப்பட ஒன்றும் இல்லை. சனி, ஞாயிறும் திருவிழாவும் தவிர்த்தால் அவர்கள் வெயிலில் காத்துக் கிடக்கிறவர்கள். ஆனால் பேசத்தான் வேண்டும், அவர்களும் அதை எதிர்பார்க்கிறார்கள். மச்சான் ஒரு பனையோலைப் பெட்டியை 1,800 ரூபாவுக்கு வாங்கினார். இரண்டு கடை தள்ளி அதே அளவு, அதே பின்னல், 1,100. அதுவும் நாங்கள் கேட்காமலே சொன்ன விலை.

இங்கே பலிக்கும் வழி எளிது. ஏறும்போது வாங்காதீர்கள், விலையை மட்டும் கேட்டுக்கொண்டு போங்கள். இறங்கும்போது வாங்குங்கள். ஏறுகிறவர் திரும்பி வருவார் என்று கடைக்காரருக்குத் தெரியும். இறங்குகிறவர் போய்விட்டால் போனதுதான். ஒன்றாகச் சேர்த்து வாங்கினால் குறையும். பவளத்துண்டு என்று எதையாவது நீட்டினால் மட்டும் பேரமே வேண்டாம், விட்டுவிட்டு நடங்கள். அதை எடுப்பதே சட்டப்படி குற்றம்.

பொருளுக்கு மட்டுமல்ல, இந்த மலையில் கதைக்கும் ஏற்றின விலை உண்டு. காதலன் கப்பலேறிப் போக, பிரான்சினா வான் ரீட் என்ற ஒல்லாந்துப் பெண் இங்கிருந்து குதித்தாள் என்று ஓட்டோக்காரர் உருக்கமாகச் சொல்லுவார், 1687 என்று பொறித்த தூணையும் காட்டுவார். அந்தப் பெண் பிறகு கல்யாணம் செய்துகொண்டு வாழ்ந்தாள் என்று எழுதியவர்களும் இருக்கிறார்கள். மாமா அந்தக் கதையிலும் பாதியைத்தான் ஏற்றுக்கொண்டார்.

சந்தைக்கு வருவோம். மீன் விலை உங்கள் முகத்தில் இல்லை. இரவு காற்று எப்படி, எத்தனை வள்ளம் போனது, கரையில் ஏலம் எதில் முடிந்தது என்பதில்தான் இருக்கிறது. வாடைக் காற்று வீசும் மாரியில் கடல் கொந்தளித்தால் விலை ஏறும். நல்ல நிலாக் காலத்தில் வெளிச்சம் வைத்துப் பிடிக்கும் சின்ன மீனின் வரத்து குறையும். பலகைக்குப் பின்னால் நிற்கிறவர் விடியற்காலையில் காசு கொடுத்து எடுத்தவர். அவர் கையில் இருக்கும் இடைவெளி மிகக் குறைவு. அறுக்குளாவின் விலை கேட்டு மாமா நேர் பாதி சொன்னார். அந்த மனிதர் கோபப்படவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. பக்கத்தில் நின்ற ஒரு பெண்ணைப் பார்த்து, “உங்களுக்கு என்ன அக்கா?” என்றார். அதோடு சரி. மாமா இருக்கிறார் என்பதையே மறந்துவிட்டார்.

“கடைசியா எவ்வளவு காக்கா?” என்று நான் இடையில் புகுந்தேன். முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே காக்கா என்றுதான் கூப்பிடுவோம்.

“நான் போட்ட விலை இல்ல தம்பி. வெட்டித் தாறன், தலையும் தாறன். காசில கை வைக்காதீங்க.”

சந்தையின் கணக்கு அதுதான். விலையைக் கேட்டுப் பயனில்லை, வேலையைக் கேட்கலாம். செதில் சீவி, குடல் எடுத்து, குழம்புக்கு வேறாகப் பொரியலுக்கு வேறாக வெட்டித் தருவார்கள். பழகிய முகம் என்றால் ஒரு பிடி சின்ன மீனும் விழும். பேசுவதற்குப் பதில் பாருங்கள்: செவுள் சிவப்பா, கண் தெளிவா, விரலால் அமுக்கினால் சதை எழும்புகிறதா. பதினொரு மணிக்கு மேல் விலை தானாக இறங்கும், மீனும் கூடவே இறங்கிவிடும்.

கருவாடு இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. நாளைக்கும் கெடாது என்பதால் விற்கிறவருக்கும் அவசரமில்லை, வாங்குகிறவருக்கும் இல்லை. ஆறுதலாகப் பேசலாம், கொஞ்சம் குறையும். ஆனால் ஈரம் பாருங்கள். சரியாகக் காயாத கட்டாக் கருவாடு தராசில் பாரமாக நிற்கும், வீட்டுக்குப் போய்க் காய்ந்ததும் பாதியாகிவிடும். நெத்தலி என்றால் கையில் அள்ளி உதறிப் பார்த்தாலே மணலும் உப்பும் எவ்வளவு என்று தெரியும். வெளிநாட்டுக்குக் கொண்டுபோகிறவர்கள் இங்கே நேரம் செலவழிப்பது மலைக் கடையில் செலவழிப்பதைவிட மேல்.

புடைவை, சாரக் கடைகளில் விலைத்துண்டு ஒட்டியிருக்கும். கேட்டால் கொஞ்சம் கழிப்பார்கள், அவ்வளவுதான்.

எதை முதலில் செய்வது என்ற கேள்விக்கு, ஒரே நாளில் வந்து போகிறவர் என்றால் மலைதான் முதலில். வெயில் ஏறுமுன், கோயில் நிற்கும் சுவாமி மலையில் நின்றால் சூரியன் கடலிலிருந்து வருவதைப் பார்க்கலாம். மீன் பையோடு கோயிலுக்குப் போக முடியாது என்பது ஒரு காரணம். சரி, மரக்கறி மட்டும்தானே என்று நினைத்தால் மான்கள் இருக்கின்றன. மாமா வல்லாரைக் கட்டு இரண்டைப் பையில் வைத்துக்கொண்டு கோட்டைக்குள் நடந்தார். ஒரு பெட்டைமான் பின்னாலேயே வந்து, பையோடு சேர்த்து இழுத்துவிட்டது. பிளாஸ்டிக்கைத் தின்றுவிடுமோ என்று பையைப் பிடுங்குவதற்குள் எங்களுக்கு வியர்த்துவிட்டது. தங்கி, சமைத்துச் சாப்பிடுகிறவர்களுக்கு என் முறை வேறு. விடியச் சந்தை, மத்தியானம் சாப்பாடும் நித்திரையும், அடுத்த நாள் காலையில் தோய்ந்துவிட்டு மலை.

ஓட்டோவுக்குப் பேச்சு ஏறுமுன் முடிய வேண்டும். கன்னியா வெந்நீரூற்றுக்குப் போவதென்றால் போய்வர எவ்வளவு, அங்கே காத்து நிற்க எவ்வளவு என்று இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள். ஏழு கிணற்றிலும் மாறி மாறி அள்ளிக் குளிக்க நேரம் எடுக்கும், சண்டை வருவது காத்திருந்த காசில்தான். நிலாவெளிக்கு பஸ் இருக்கிறது. அவசரமில்லையென்றால் அதுவே போதும்.

யார் கேட்கிறார்கள் என்பதும் விலைதான். சித்தப்பாவின் மகள் மலைக் கடையில் ஆங்கிலத்தில் கேட்டபோது வந்த விலையும், நான் “என்ன விலை அண்ணை?” என்றபோது வந்த விலையும் ஒன்றல்ல. பக்கத்தில் தென்பகுதி பஸ்ஸில் வந்த ஒரு அம்மா “கீயத மல்லி?” (எவ்வளவு தம்பி?) என்று சிங்களத்தில் கேட்டு, எங்களைவிடக் குறைவாக வாங்கிக்கொண்டு போனார். மலையில் மூன்று மொழியிலும் வியாபாரம் நடக்கும். ஆங்கிலம்தான் அதில் விலை கூடினது.

கடைசி நாள் இருவரையும் இடம் மாற்றி அனுப்பினேன். மாமா மலைக்கு, மச்சான் சந்தைக்கு. மாமா மூன்று பனையோலைப் பெட்டிகளை 2,500 ரூபாவுக்கு முடித்துக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தியபடி வந்தார். மச்சான் சொன்ன விலையை அப்படியே கொடுத்திருக்கிறார். மீன்காரர் சுத்தமாக வெட்டி, கூடவே ஒரு கை இறாலும் போட்டுக் கொடுத்திருக்கிறார். அம்மா பையைத் திறந்து பார்த்தார். அவர் சொல்லி அனுப்பியது விளைமீன். உள்ளே இருந்தது சூரை.