வான்சே குளியல் கரை: ஸ்டேஷன் பெயரை நம்பி இறங்கிவிடாதீர்கள்

பெர்லினின் வான்சே ஏரிக் குளியல் கரைக்கு முதன்முதலாகப் போகிறவர்கள் ரயிலிலேயே ஏமாந்துபோவதுண்டு. பெயரைப் பார்த்து வான்சே ஸ்டேஷனில் இறங்கிவிடுகிறார்கள். நகரத்திலிருந்து வந்தால், அதற்கு ஒரு நிறுத்தம் முன்பே வரும் நிக்கோலாஸ்சேயில்தான் இறங்க வேண்டும். எஸ்1, எஸ்7 என்ற நகர ரயில்கள் இரண்டும் அங்கே நிற்கும். பிறகு கால் மணி நேர நடை. டிக்கெட் வாங்கும் வாயில் மேட்டில் இருக்கிறது, கரை கீழே இருக்கிறது. ஆகவே குடை, கூடை, குழந்தை என்று எல்லாவற்றையும் சுமந்துகொண்டு படியிறங்க வேண்டும். மூட்டையைக் குறைத்துக்கொள்வது நல்லது.

கரையின் நீளம் 1,275 மீட்டர். மணல் பால்டிக் கடலோரத்து டிம்மெண்டோர்ஃபர் ஸ்ட்ராண்டிலிருந்து வந்தது. தண்ணீர் வெகுதூரம் வரை இடுப்பளவைத் தாண்டாது. சின்னப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல ஏரிக்கரை பெர்லினில் இல்லை என்றே சொல்லலாம். ஆனால் நன்றாக நீந்தத் தெரிந்தவர்களுக்குப் பொறுமை போய்விடும், மிதவைகளை எட்டும்வரை நடந்துகொண்டே இருக்க வேண்டும். நீச்சல்தான் முக்கியம் என்பவர்கள் அதே எஸ்1 ரயிலில் ஷ்லாக்டென்சேயில் இறங்கலாம். ஸ்டேஷனை ஒட்டியே ஆழமான ஏரி, கட்டணமும் கிடையாது.

பிறகு ஏன் காசு கொடுத்து இங்கே வர வேண்டும்? கரையை ஒட்டி நிற்கும் மஞ்சள் கட்டடத்துக்காக. ஒரு காலத்தில் இந்த ஏரியில் இறங்கிக் குளித்தாலே அபராதம். 1907 மே 8 அன்றுதான் சுமார் 200 மீட்டர் கரை பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. வாடகைக் குடியிருப்புகளில் நெருக்கியடித்து வாழ்ந்த தொழிலாளர் குடும்பங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் திரண்டு வந்தன. நாளடைவில் கூடாரங்களும் மரக் கொட்டகைகளும் அந்தக் கூட்டத்துக்குப் போதவில்லை. நகரக் கட்டடத் துறைத் தலைவர் மார்ட்டின் வாக்னரும் கட்டடக் கலைஞர் ரிச்சர்ட் எர்மிஷும் 1929-30இல் எழுப்பியதுதான் இப்போது நாம் பார்ப்பது.

இரும்புச் சட்டகம், மேலே மஞ்சள் சுட்ட செங்கல். மேட்டுச் சரிவில் சாய்ந்தாற்போல் நான்கு இரண்டடுக்கு மண்டபங்கள், அவற்றைக் கோக்கும் நீண்ட நடைக்கூடம். ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே வாயிலில் வந்தாலும் ஒரே இடத்தில் முட்டிக்கொள்ளாமல், நடைக்கூடம் வழியே மண்டபம் மண்டபமாகப் பிரிந்துபோவார்கள். உடை மாற்றவும் குளிக்கவும் உள்ளே வசதி, தலைக்கு மேலே மொட்டைமாடியில் வெயில் காய இடம். கூட்டத்தை மரியாதையோடு நடத்தத் தெரிந்த கட்டடம் இது. எளிய மக்களுக்குத்தானே என்று எதிலும் குறை வைக்கவில்லை. திட்டமிட்டது இன்னும் பெரியது, பொருளாதார நெருக்கடியால் பாதியில் நின்றுபோனது. இந்த வகைக் கட்டடத்துக்கு உள்ள நோய் துரு. உள்ளே மறைந்திருக்கும் இரும்பு துருப்பிடித்து வீங்கினால் வெளிச் செங்கல் விரிசல் விடும். 2007இல் வந்த நூற்றாண்டை முன்னிட்டுச் செப்பனிட்டார்கள். படியிறங்கியதும் நேரே மணலுக்கு ஓடாமல், மேல்தளத்தில் ஒருமுறை முழுநீளமும் நடந்து பாருங்கள்.

இந்தக் கரையை உருவாக்கப் பாடுபட்ட நிர்வாகி ஹெர்மன் கிளாயுஸ் சமூக ஜனநாயகக் கட்சிக்காரர். 1933இல் நாஜிகள் அதிகாரத்தைப் பிடித்தபோது தன் உயிரை மாய்த்துக்கொண்டார். 1938 டிசம்பரில் பெர்லினின் எல்லாக் குளியலிடங்களிலும் யூதர்கள் நுழையத் தடை வந்தது. மணலில் உட்கார்ந்தபடி எதிர்க்கரையைப் பாருங்கள். ஐரோப்பிய யூதர்களைக் கொன்றொழிப்பதை ஒருங்கிணைக்க 1942 ஜனவரி 20 அன்று 15 அதிகாரிகள் கூடிய மாளிகை அங்கேதான் இருக்கிறது. இன்று அது நினைவிடம், நுழைவு இலவசம். வான்சே ஸ்டேஷனிலிருந்து 114ஆம் எண் பேருந்து போகும். காலையில் அங்கே போய்விட்டு மதியம் கரைக்கு வந்தால் இரண்டையும் சேர்த்துப் புரிந்துகொள்ளலாம். கரை மேற்கு பார்த்தது என்பதால் வெயிலும் மதியத்துக்கு மேல்தான் நன்றாக விழும்.

மணலில் வரிசையாக நிற்கும் பிரம்புக் கூண்டு நாற்காலிகளுக்கு ஸ்ட்ராண்ட்கோர்ப் என்று பெயர். 1882இல் ரோஸ்டாக் நகரத்துக் கூடை முடைபவர் வில்ஹெல்ம் பார்டெல்மன் முதன்முதலில் செய்தது. வாடகை தனி. உட்காருவதற்கு முன்பே, காற்று முதுகுப்புறம் படும்படி திருப்பி வைத்துக்கொள்ளுங்கள். கனமானது, ஒருவரால் முடியாது, இரண்டு பேர் பிடிக்க வேண்டும். கீழே கால் வைக்கும் பலகையை இழுத்துக்கொள்ளலாம்.

ஒரே எச்சரிக்கை கோடையின் பிற்பகுதிக்கு. வான்சே என்பது ஹாஃபெல் ஆறு அகன்று விரிந்த குடா. நீரோட்டம் மெதுவானது, சத்துகள் தேங்கும், வெப்பம் ஏறினால் நீலப்பச்சைப் பாசி பெருகும். காற்று அதைக் கரையோரமாக ஒதுக்கிச் சேர்க்கும், பச்சைப் பெயின்ட் கொட்டியது போலத் தெரியும். முழங்கால் ஆழத்தில் நின்று குனிந்து பாருங்கள். சொந்தப் பாதம் தெரியவில்லை என்றால் குழந்தைகளை இறக்காதீர்கள். அந்தத் தண்ணீரை விழுங்கினால் வாந்தி, வயிற்றுப்போக்கு வரலாம், தோலும் அரிக்கலாம். தெளிவாக இருந்தாலும் ஏறியதும் ஷவரில் அலசிவிட்டு, ஈர உடையை மாற்றிவிடுங்கள்.