ஷட்டரும் சின்னக் கதவும்: ஏழு வருஷத்துக்குப் பிறகு

பட்டறைக் கதவில் பூட்டு பூட்டியபடியே தொங்கிக்கொண்டிருந்தது. நாதாங்கிதான் கழன்று வந்திருந்தது. வெளியே தெரியும்படி நாலு ஸ்க்ரூ வைத்து மாட்டியிருந்தோம். திருடனுக்கு ஒரு ஸ்க்ரூடிரைவர் போதுமாக இருந்திருக்கிறது. டிரில் மெஷினும் கிரைண்டரும் போயின. நான் பெரிதாக நம்பியிருந்த பித்தளைப் பூட்டு மட்டும் மிச்சம்.

திருவான்மியூரில் கடற்கரையை ஒட்டிய தெரு எங்களுடையது. வீட்டுக் கார் ஷெட்டையே தச்சுப் பட்டறையாக மாற்றியிருக்கிறேன். முன்பு இருந்தது இரட்டை மரக்கதவு. ஐப்பசி மழையில் ஊதிக்கொண்டு சாத்திக்கொள்ள மாட்டேன் என்னும். இழைத்துவிட்டால் பங்குனியில் விரல் நுழைகிற இடைவெளி. திருட்டுக்கு அப்புறம், 2018-ல் ரோலிங் ஷட்டர் போட்டேன்.

தகடு 18 கேஜ், ஜிஐ, அதாவது துத்தநாகம் பூசிய இரும்பு. கேஜ் எண் குறையக் குறையத் தகடு தடிமன். 20 கேஜ் சுமார் 0.9 மில்லிமீட்டர் என்றால் 18 கேஜ் சுமார் 1.2. விலை வித்தியாசத்தைப் பார்த்துத் தயங்கினேன். ஆனால் இத்தனை வருஷத்தில் ஒரு தகடும் நெளியவில்லை.

நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் வேறு. ஷெட்டின் அகலம் 11 அடி. 8 அடிக்கு ஷட்டர் போட்டு, மீதி 3 அடியில் இரும்புத் தகட்டுக் கதவு வைத்தேன். டீ குடிக்கப் போவதற்கெல்லாம் யார் ஷட்டரைத் தூக்குவது? தூக்கச் சோம்பல்பட்டு அரையடி திறந்தே விட்டுப் போவோம், அதுதான் ஆபத்து. பிளைவுட் ஷீட் வரும் நாளில் மட்டும் ஷட்டர். மற்றபடி சின்னக் கதவுதான். உள்ளே இடம் அடைக்காமல் இருக்க அது வெளிப்பக்கம் திறக்கிறது. அதனால் கீல் ஊசியைத் தட்டி எடுக்க முடியாதபடி வெல்டிங் வைக்கச் சொன்னேன். நாதாங்கிக்கும் ஸ்க்ரூ கிடையாது, வெல்டிங்தான்.

குறைகள் இல்லாமல் இல்லை. உப்புக்காற்று முதலில் பிடித்தது அடிச்சட்டத்தை. தகட்டை வெட்டிய ஓரங்களில் துத்தநாகப் பூச்சு இருக்காது, துரு அங்கிருந்துதான் ஏறுகிறது. மாட்டும்போதே அந்த ஓரங்களுக்கு ஜிங்க் பிரைமர் அடித்திருக்க வேண்டும். எனக்கு மூன்றாவது வருஷம்தான் புத்தி வந்தது. ஷட்டர் ஏறி இறங்கும் பக்கச் சேனலில் கிரீஸ் தடவியது அடுத்த தப்பு. மரத்தூள் அதில் ஒட்டிக் களியாகி, ஷட்டர் பாதியில் நின்றுவிட்டது. மண்ணெண்ணெய் விட்டுச் சுரண்டி எடுத்தேன். இப்போது சிலிகான் ஸ்ப்ரே மட்டுமே.

ஷட்டர் தண்ணீரைத் தடுக்காது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது பட்டறைக்குள் கணுக்கால் அளவு நின்றது. அப்புறம்தான் வாசலில் இரண்டு அங்குலம் கான்கிரீட் ஏற்றி, வெளிப்பக்கம் வாட்டம் கொடுத்தோம்.

போன வருஷம் ஷட்டரின் கனத்தைத் தாங்கும் ஸ்பிரிங் சுருள் தளர்ந்து, ஷட்டர் கையில் கனத்தது. அதை நாமே முறுக்கப் பார்க்கக் கூடாது. முறுக்கிய சுருள் நழுவினால் கை போய்விடும். ஆள் வந்து அரை நாளில் மாற்றிக் கொடுத்தார்.

ஷட்டரின் மேல்பக்கம் இரண்டு அடிக்குத் துளையிட்ட தகடு போட்டதால் சித்திரை வெயிலிலும் மூச்சு விட முடிகிறது. சத்தத்துக்கு மட்டும் வழியில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு ஒருமுறை ஷட்டரைத் தூக்கினேன். எதிர்வீட்டு மாமி பால்கனிக்கு வந்து ஒன்றும் பேசாமல் பார்த்துவிட்டுப் போனார்.