உண்ணிப் பயம்: சொக்ஸா, ஸ்ப்ரேயா, எண்ணெயா? கொழும்பில் இருந்து காட்டுப் பக்கம் போகிறவர்களுக்கு

கொழும்புத் தமிழ் வீடுகளுக்கு உண்ணிப் பயம் பெரும்பாலும் கனடாவில் இருந்துதான் வந்து சேர்கிறது. ஸ்காபரோவில் இருக்கும் அக்காவோ மச்சாளோ வீடியோ கோலில் லைம் நோயைப் பற்றிச் சொல்லி, "பிள்ளையளைப் புல்லுக்குள்ள விடாதேங்கோ" என்று முடித்தால், அடுத்த போயா விடுமுறைக்குப் போட்டிருந்த சிங்கராஜக் காட்டுப் பயணம் அதோடு சரி. அவர்கள் இருக்கும் இடத்தில் அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. ஒன்டாரியோவில் கருங்கால் உண்ணி பரவி வருகிறது, லைம் நோயைக் கொண்டுவருவதும் அதுதான். ஆனால் அது வட அமெரிக்க உண்ணி, இங்கே கிடையாது. உண்ணியால் பரவும் குரங்குக் காய்ச்சல் என்று இந்தியச் செய்திகளில் வருவது 1957இல் கர்நாடகத்துக் கியாசனூர் காட்டில் கண்டுபிடிக்கப்பட்டது, அது மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கத்து விஷயம்.

அதற்காக இங்கே ஒன்றும் இல்லை என்று சொல்ல வரவில்லை. மலைநாட்டில், முக்கியமாகக் கண்டிப் பக்கத்தில், உண்ணி கடித்து வரும் புள்ளிக் காய்ச்சல் இருக்கிறது. மேல் மாகாணத்திலும் வடக்கிலும் ஸ்க்ரப் டைபஸ் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் உண்ணிக் காய்ச்சல் என்று சொல்வது இதைத்தான், ஆனால் கடிப்பது உண்ணி இல்லை, பற்றைக்காட்டில் இருக்கும், கண்ணுக்குப் பிடிபடாத ஒரு சிறு பூச்சியின் குஞ்சு. இரண்டும் நேரத்துக்குப் பிடித்தால் மருந்தில் சுகமாகும், விட்டால் ஆளையே கொண்டுபோகலாம். ஆகவே கேள்வி போவதா விடுவதா என்பது இல்லை. போகும்போது எதைக் கையில் எடுப்பது, எதற்குக் காசு செலவழிப்பது என்பதுதான்.

முதலில், வீட்டிலேயே இருந்துவிடுவது. இதையும் ஒரு தெரிவாகவே பார்க்கிறேன், ஏனென்றால் நிறையப் பேர் எடுக்கும் முடிவு இதுதான். வெள்ளவத்தைத் தொடர்மாடியில் வளரும் ஒரு பிள்ளைக்குக் காலிமுகத்திடலும் கடற்கரைத் தண்டவாளமும் மட்டும்தான் வெளியுலகம் என்றால் எனக்கு மனம் பொறுக்காது. 2018இல் உலகத்திலேயே முதல்முறையாக ராம்சார் என்ற சர்வதேச ஈரநில உடன்படிக்கையின் கீழ் ஈரநில நகரம் என்று அங்கீகாரம் கொடுத்தபோது, பதினெட்டு நகரங்களில் கொழும்பும் ஒன்று. பெத்தகான ஈரநிலப் பூங்காவும் தலவத்துகொடப் பக்கம் தியசரு பூங்காவும் பஸ்ஸில் போய்வரும் தூரம். அங்கே நடைபாதையிலும் பலகைப் பாலத்திலும் நடக்கிறவர்களுக்கு உண்ணி ஏறும் வாய்ப்பு மிகக் குறைவு. உண்ணி பறக்காது, குதிக்காது, மரத்தில் இருந்து தலையில் விழவும் மாட்டாது. புல் நுனியில் பின்கால்களால் பிடித்துக்கொண்டு முன்கால் இரண்டையும் நீட்டியபடி காத்திருக்கும், எங்கள் மூச்சுக் காற்றும் சூடும் பட்டதும் உசாராகி, உரசிப் போகிற காலில் தொற்றிக்கொள்ளும். உரசவில்லை என்றால் ஏற வழியில்லை. பாதையின் நடுவில் நடப்பது, மாடும் எருமையும் மேய்ந்து படுத்த புல்லில் பாய் விரித்து உட்காராமல் இருப்பது, இந்த இரண்டும் செலவில்லாத காவல். வீட்டிலேயே அடைந்துகிடந்தால் உண்ணி கடிக்காது என்பது உண்மைதான், ஆனால் கொழும்பில் வீட்டுக்குள்ளேயே டெங்கு நுளம்பு கடிக்கிறது.

இனி உடுப்பு. இதில் லீச் சொக்ஸை மிஞ்ச ஒன்றும் இல்லை. சிங்கராஜ வாசலில், குடாவைப் பக்கம், அட்டைக்காக விற்கிறார்களே, முழங்கால் வரை வரும் நெருக்கமாக நெய்த துணிச் சொக்ஸ், அதேதான். காற்சட்டைக்கு மேலாக இழுத்து முழங்காலுக்குக் கீழே கட்டிவிட்டால் கணுக்காலில் ஏறும் உண்ணிக்குத் தோல் கிடைக்காது, துணிக்கு மேலேதான் ஊர்ந்து ஏற வேண்டும். அப்படி ஏறும்போதுதான் அது கண்ணில் படும், அதனால் வெள்ளை அல்லது மங்கல் நிறத்தில் வாங்குங்கள், கறுப்பில் வாங்கினால் பாதிப் பயன் போய்விடும். உண்ணிக் குஞ்சு கசகசா அளவுதான், இன்னும் சின்னதும் உண்டு. சாதாரண விளையாட்டு சொக்ஸ் இந்த அளவுக்குப் போகாது. கணுக்காலோடு நின்றுவிடும், பின்னலும் தளர்வு. அதோடு அரைக் காற்சட்டையும் போட்டுக்கொண்டு நக்கிள்ஸ் பக்கத்துப் புல்வெளியில் ஏறுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதற்றமாக இருக்கும். லீச் சொக்ஸின் குறை வெக்கைதான். ஹோர்ட்டன் சமவெளியின் குளிருக்கு அது சுகம், தாழ்நிலக் காட்டில் மத்தியானம் கால் வெந்துபோகும். பழகிவிடலாம்.

அப்புறம் பூசுவதும் அடிப்பதும். கடையில் எல்லாம் ஒரே தட்டில் இருப்பதால் எல்லாம் ஒன்று என்று நினைத்து வாங்குகிறோம், ஆனால் போத்தலின் பின்பக்கத்து எழுத்தைப் படிக்க வேண்டும்.

பூச்சிவிரட்டிகளில் டீட் (DEET) பழைய ஆள். 1946இல் அமெரிக்க இராணுவத்துக்காக உருவாக்கப்பட்டு, 1957இல் பொதுமக்கள் கைக்கு வந்தது. நுளம்புக்கும் உண்ணிக்கும் இரண்டுக்கும் வேலை செய்யும். சதவீதம் கூடினால் வீரியம் கூடுகிறது என்று நினைப்பது தப்பு, நேரம்தான் கூடுகிறது: பத்து சதவீதம் ஏறக்குறைய 2 மணித்தியாலம், முப்பது சதவீதம் ஏறக்குறைய 5 மணித்தியாலம். எங்கள் வியர்வைக்கு அதிலும் கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்குப் பூசவே கூடாது. பிசுபிசுப்பு, மணம், அதைவிட எரிச்சலான ஒன்று, இது பிளாஸ்டிக்கைக் கரைக்கும். பூசிய கையோடு கண்ணாடிச் சட்டத்தையும் கைக்கடிகார வாரையும் பைனாகுலரையும் தொட்டால் தழும்பு விழும். பறவை பார்க்கப் போகிறவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

பிக்காரிடின் பிந்தி வந்தது, இக்காரிடின் என்றும் போட்டிருப்பார்கள். இருபது சதவீதம் என்றால் டீட்டோடு சரிக்குச் சரி நிற்கும், மணம் இல்லை, ஒட்டாது, பிளாஸ்டிக்கையும் ஒன்றும் செய்யாது. கிடைக்குமா என்பதுதான் பிரச்சினை. வெளிநாட்டில் இருந்து யாரும் வருகிறார்கள் என்றால் சொக்லேட்டுக்குப் பதிலாக இதைக் கொண்டுவரச் சொல்லுங்கள். இரண்டும் கையில் இருந்தால் நான் இதைத்தான் எடுப்பேன், பிள்ளைகளுக்கும் இதுவே பூச இலகு.

சிட்ரோனெல்லா எண்ணெய் எங்கள் மண்ணின் பொருள், தெற்கில் புல்லை வளர்த்துக் காய்ச்சி எடுக்கிறார்கள், மணமும் பிடிக்கும். மாலையில் பல்கனியில் உட்கார்ந்து நுளம்பை விரட்ட வைத்துக்கொள்ளுங்கள். காட்டுக்கு இதை நம்பிப் போகாதீர்கள், ஒன்றிரண்டு மணித்தியாலத்துக்குள் ஆவியாகிப் போய்விடும். வேப்பெண்ணெய்க்கும் என் பதில் இதுதான். தாவரத்தில் இருந்து வந்ததுதான் வேண்டும் என்கிறவர்கள் லெமன் யூகலிப்டஸ் எண்ணெய் தேடலாம், முப்பது சதவீதத்தில் அது உண்மையிலேயே வேலை செய்கிறது. மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு மட்டும் வேண்டாம்.

பெர்மெத்ரின் வேறு சாதி. தோலில் பூசுவதில்லை, உடுப்பிலும் சப்பாத்திலும் அடித்து நன்றாகக் காயவைத்துப் போடுவது. 0.5 சதவீதம் போதும், பல தடவை தோய்த்தாலும் நிற்கும். மற்றவை உண்ணியை விலக்கிவைக்கும், இது தொட்ட உண்ணியைக் கொல்லும். காட்டில் வேலை செய்கிறவர்கள், ஆராய்ச்சிக்குப் போகிற பல்கலைக்கழகப் பிள்ளைகள், இவர்களுக்கு இதுதான் முதல் தெரிவாக இருக்க வேண்டும். மாதத்தில் ஒருநாள் போய்வருகிற குடும்பத்துக்கு அவசியம் இல்லை என்பேன். இன்னொன்று, வீட்டில் பூனை இருந்தால் மிகக் கவனம். ஈரமாக இருக்கும் பெர்மெத்ரின் பூனைக்கு நஞ்சு, மீன் தொட்டிக்கும் ஆகாது. தொடர்மாடியில் ஒரே பல்கனியில் சப்பாத்தும் பூனையும் மீன் தொட்டியும் இருக்கும் வீடுகள் எத்தனை! நாய்க்கு விற்கும் பெர்மெத்ரின் சொட்டு மருந்தைப் பூனைக்கு விடுவதால் பூனைகள் செத்துப்போகின்றன, தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

இவ்வளவையும் அடுக்கி வைத்தாலும், ஒன்றே ஒன்றைத்தான் செய்யலாம் என்று யாராவது என்னை மடக்கினால் நான் சொல்வது திரும்பி வந்த பிறகு உடம்பைத் தேடுவதைத்தான். ஸ்ப்ரே நேரத்தோடு தேய்ந்துவிடும், சொக்ஸ் முழங்காலோடு முடிந்துவிடும், தேடல் மட்டும்தான் அவை இரண்டும் விட்டதைப் பிடிக்கும். உண்ணி ஏறியதும் கடிப்பதில்லை, மென்மையான, சூடான, மறைவான இடம் பார்த்து ஊரும். கடித்த பிறகும் பல கிருமிகள் உடம்புக்குள் இறங்க நேரம் எடுக்கும். வந்த கையோடு, இரண்டு மணித்தியாலத்துக்குள், குளியுங்கள். குளிக்கும்போது விரலால் தடவிப் பாருங்கள்: முழங்கால் மடிப்பு, தொடைச் சந்து, இடுப்புப் பட்டி இருந்த இடம், தொப்புள், கக்கம், காதுக்குப் பின்பக்கம், பிடரி மயிருக்குள். புதிதாக ஒரு மச்சம் தட்டுப்பட்டால், நகத்தால் மெல்லத் தள்ளுங்கள். கால் அசைந்தால் அது மச்சம் இல்லை. பிள்ளைகளுக்குத் தலையை வகிடு வகிடாகப் பிரித்துப் பாருங்கள். காதுத் துவாரத்துக்குள்ளும் டோர்ச் அடித்துப் பாருங்கள், இலங்கையில் பிள்ளைகளின் காதுக்குள் உண்ணி புகுந்து வைத்தியரிடம் போவது அடிக்கடி நடப்பதுதான். அதை வீட்டில் தோண்டக் கூடாது, நேரே காது மூக்குத் தொண்டை வைத்தியரிடம் போங்கள். போட்டிருந்த உடுப்பைக் கட்டிலில் போடாமல் பையில் கட்டி, சுடுதண்ணீரில் தோயுங்கள்.

கடித்துக்கொண்டிருந்தால் எடுப்பதிலும் போட்டி முறைகள் உண்டு, ஒவ்வொரு வீட்டிலும் ஒன்று. மண்ணெண்ணெய், சுண்ணாம்பு, அணைத்த நெருப்புக்குச்சி, நகப்பூச்சு. அட்டைக்கு உப்புப் போட்டால் சுருண்டு விழுவதைப் பார்த்த பழக்கத்தில் உண்ணிக்கும் அப்படி ஒன்று இருக்கும் என்று தேடுகிறோம். அட்டை ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது, உண்ணி வாயைத் தோலுக்குள் நட்டு வைத்திருக்கிறது. சூடும் எரிச்சலும் பட்டால் உள்ளே இருப்பதைக் காயத்துக்குள்ளேயே கக்கிவிடலாம். கூர்நுனிச் சாவணம் ஒன்று போதும். வயிற்றைப் பிடிக்காமல் தோலை ஒட்டித் தலைப்பக்கத்தைப் பிடித்து, முறுக்காமல், வெடுக்கென்று இழுக்காமல், ஒரே சீராக மேலே இழுங்கள். கொஞ்சம் தோலும் சேர்ந்து உயரும், பயப்பட வேண்டாம், விடும். பிறகு சவர்க்காரம் போட்டுக் கழுவி, திகதியைப் போனில் குறித்துவையுங்கள்.

நாய் வைத்திருக்கிறவர்கள் காட்டுக்குப் போகாமலேயே உண்ணியோடு வாழ்கிறார்கள். கொழும்பில் நாய்க்கு வரும் உண்ணிக் காய்ச்சல் மிருக வைத்தியர்களிடம் தினமும் வருகிற விஷயம். பவுடரும் மருந்துத் தண்ணீர்க் குளிப்பாட்டலும் மலிவு, ஆனால் ஒரு மழையோடு பலன் குறையும், திரும்பத் திரும்பச் செய்யவும் வேண்டும். கொடுக்கிற மாத்திரை விலை கூட, அஃபோக்சோலனர் என்றால் ஒரு மாதம், ஃப்ளுரலனர் என்றால் மூன்று மாதம் வரை நிற்கும். கணக்குப் பார்த்தால் நான் மாத்திரையின் பக்கம்தான், வலிப்பு வந்த நாய் என்றால் மட்டும் வைத்தியரிடம் சொல்லிவிட்டுக் கொடுங்கள். நாயுண்ணி வீட்டுக்குள்ளேயே முட்டையிட்டுப் பெருகும், சுவர் வெடிப்பிலும் கதவு நிலையிலும் ஏறும், அதனால் நாயை மட்டும் பார்த்து வீட்டைக் கூட்டாமல் விட்டால் திரும்பவும் வரும்.

கடைசியாக, காய்ச்சல் வந்தால். இதைக் கட்டாயம் மனதில் வையுங்கள். காட்டுக்கோ வயல் பக்கமோ போய்வந்து இரண்டு மூன்று கிழமைக்குள் காய்ச்சல், கடும் தலையிடி, மூட்டு நோ வந்தால், கொழும்பில் யாரும் முதலில் டெங்கைத்தான் நினைப்பார்கள், நினைக்கவும் வேண்டும். பரசிட்டமோல் மட்டும் எடுங்கள், இபுபுரோஃபன், டைக்ளோஃபெனாக் தொடவேண்டாம், இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். டெங்கு இல்லை என்று வந்தும் காய்ச்சல் விடவில்லை என்றால், எங்கே போனோம், என்ன கடித்தது, எந்தத் திகதி என்பதை டொக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். உள்ளங்கையிலும் பாதத்திலும் புள்ளிகள் இருந்தால் காட்டுங்கள். சிகரெட்டால் சுட்டதுபோல் கறுத்த பொருக்கு உடம்பில் எங்காவது இருக்கிறதா என்று தேடுங்கள், அது வலிக்காது, கக்கத்திலோ தொடைச் சந்திலோ ஒளிந்திருக்கும், வெட்கப்பட்டு மறைத்தால் நோய் தெரியாமலே போய்விடும். இந்தக் காய்ச்சல்களுக்கு அமொக்சிசிலின் வேலை செய்யாது, டொக்சிசைக்கிளின்தான் மருந்து. வீட்டில் மிஞ்சிக் கிடக்கும் அன்டிபயோடிக்கை விழுங்கிவிட்டு நாலு நாள் பார்த்திருக்காமல் போய்க் காட்டுங்கள்.