கார்பன் கிரெடிட்டா, காலநிலைக் கடனா?

2016 மேயில களனி கங்கை பெருகினப்போ கொலன்னாவையில எங்கட சொந்தக்காரர் ஒராள் பிரிட்ஜை மேசைக்கு மேல ஏத்திப்போட்டு படகுல வெளிய வந்தவர், அவரிட்ட புகை விட ஒரு மோட்டார் சைக்கிள்கூட இல்ல. புகையால காலநிலை மாறி வாற இப்பிடியான நட்டத்துக்கு ஆர் காசு தாறது? ரெண்டு வழி சொல்லினம்.

ஒண்டு, கார்பன் கிரெடிட். 1997 கியோட்டோ ஒப்பந்தத்தோட வளந்த சந்தை. பணக்கார நாட்டுக் கம்பனி புகையை விட்டுக்கொண்டே ஏழை நாட்டில மரம் நடக் காசு குடுத்து கணக்கை நேர் பண்ணும். காசு வரும்தான், ஆனா காத்தையும் சாமானாக்கி வித்தாச்சு.

மற்றது காலநிலைக் கடன், அதாவது கூடப் புகை விட்ட பணக்கார நாடுகள் ஏழை நாடுகளுக்குக் கடன்பட்டிருக்கு, அதைத் தீர்க்கோணும் எண்டுறது. சூழல் அழிவை மார்க்ஸின்ர கருத்தால விளக்கிற சூழலியல் மார்க்சியர் கனபேர் இந்தப் பக்கம். மார்க்ஸ், லீபிக் எண்ட ஜெர்மன் வேதியியலாளரை வாசிச்சிட்டு சொன்னது என்னண்டா மண்ணில எடுத்த சத்து நகரத்துக்குப் போய் திரும்ப மண்ணுக்கு வாறேல்ல எண்டு, அந்தக் காலத்திலதான் பெருவில இருந்து பறவை எச்சம் கப்பல் கப்பலா இங்கிலாந்து வயலுக்குப் போனது, எங்கட தேயிலை மலையும் கிட்டத்தட்ட அதே கதைதான். எடுத்தவை திருப்பிக் குடுக்கேல்ல, அதுதான் கடன். இப்ப அமெரிக்காவில ஆளுக்கு வருசம் கிட்டத்தட்ட 14 டன் கார்பன் டை ஒக்சைட் புகை, இலங்கையில ஒரு டன் அளவு. எனக்கு இந்தக் கடன் கணக்குத்தான் நியாயமாப் படுது. 2022இல எகிப்தில நடந்த ஐ.நா. காலநிலை மாநாட்டில, பாதிக்கப்பட்ட ஏழை நாடுகளுக்கு உதவ இழப்பு, சேத நிதி எண்டு ஒண்டுக்கு ஒத்துக்கொண்டவை, ஆனா அது நட்டஈடு இல்லையாம், விரும்பினாக் குடுக்கலாமாம். காசை வச்சிருக்கிறது ஆர் எண்டு பாத்தா உலக வங்கி!